சூலூர் வீட்டின் ரயில் நோட்டு

சூலூர்க்காரர்களுக்கு ரயில் என்பது பேச்சுவார்த்தை குறைந்துபோன சொந்தக்காரர் மாதிரி. பெயரில் ஊர் இருக்கும். வீட்டுப் பக்கம் வராது. இருகூருக்கும் சோமனூருக்கும் நடுவே 'சூலூர் ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. ஊரில் இருந்து தள்ளி இருக்கும் அந்த ஸ்டேஷனில் நிற்பவை ஒரு சில பாசஞ்சர் ரயில்கள்தான். எக்ஸ்பிரஸ் ரயில்கள் பெயர்ப் பலகையைப் படிக்கக்கூட நேரம் கொடுக்காமல் பறந்துவிடும். எங்கே போவதானாலும் திருச்சி ரோட்டில் பஸ் பிடித்து, சிங்காநல்லூர் வழியாகக் கோவை ஜங்ஷன் போய்த்தான் ஏற வேண்டும்.

ஊரில் விசைத்தறி இருக்கிறது, விமானப்படைத் தளம் இருக்கிறது, பெரிய குளம், சின்னக் குளம் என்று இரண்டு குளங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்ற கேள்வி வந்தால், கார் இருக்கும் வீடு, இல்லாத வீடு என்று ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும்.

கார் இல்லாத ஒரு வீட்டில், மளிகைக் கணக்கு எழுதி மீந்த பழைய நோட்டு ஒன்று இருக்கிறது. முன்பக்கம் துவரம்பருப்பும் கடலை எண்ணெயும். பின்பக்கத்தில் இருந்து திருப்பினால் பாலக்காடு, கொடுமுடி, குன்னூர் என்று ஊர்ப் பெயர்கள், ரயில் நேரங்கள், பஸ் நேரங்கள். எழுதியவர் அந்த வீட்டு அம்மா. வயது 34. ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறார். ஞாயிறு மட்டும் லீவு. எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், முழங்கால் வலியோடு மாமியார், பிறகு கணவர். மொத்தம் ஐந்து பேர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கணவரின் வேலையே கார் ஓட்டுவதுதான்.

"ஊட்டியில என்னப்பா இருக்கு?"

நூல் வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்துக்கு அவர் பதினொரு வருடமாக டிரைவர். முதலாளி வீட்டில் விருந்தாளி வந்தால் ஊட்டி. பேரன் பேத்திக்கு லீவு விட்டால் ஊட்டி. கல்லாறு தாண்டி பர்லியாறு, குன்னூர் என்று அத்தனை வளைவும் அவருக்குக் கைப்பாடம். ஒரு நாள் மகன் கேட்டான்: "ஊட்டியில என்னப்பா இருக்கு?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பார்க்கிங் இருக்கு சாமி."

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. முதலாளி குடும்பம் பூங்காவுக்குள் போய்விட்டு வரும்வரை இவர் வண்டியோடு இருப்பார். தாவரவியல் பூங்காவின் வெளிப்பக்கம் எங்கே நிழல் விழும், எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்பதெல்லாம் தெரியும். உள்ளே இருக்கும் புல்வெளி தெரியாது. அவர் அதைப் பெரிய குறையாக நினைத்ததும் இல்லை. அடுப்படியில் நின்றபடி அந்தப் பதிலைக் கேட்ட மனைவிக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கல்யாண வீடுகளில் வேறு விதமாகக் கேட்டார்கள். "ஏங்கண்ணு, ஊரையே கார்ல சுத்திக் காட்டறவரு உம்பட வூட்டுக்காரரு. உங்களுக்குன்னு ஒரு வண்டி எடுக்கக் கூடாதா?" என்றார் ஒரு பெரியம்மா. சீட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏலம் எடுத்தால் பழைய கார் ஒன்றுக்கு முன்பணம் ஆகும். மாதத் தவணையும் இன்சூரன்ஸும் பெட்ரோலும் போட்டுக் கூட்டிப் பார்த்தார் மனைவி. ஒரு தடவை ஊட்டி போய் வந்தாலே போக வர 200 கிலோமீட்டருக்கு மேல். எண்ணெய்ச் செலவை விட அவரை உறுத்தியது இன்னொன்று. ஆறு நாள் ஸ்டியரிங் பிடிக்கிற மனுஷன், ஏழாவது நாளும் அதையேதான் பிடிக்க வேண்டும். சொந்தக் காரானாலும் பின்சீட்டில் பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்க்க முடியாது.

"மாமா, ரயில்ல போலாமா?" என்று கேட்டார். "போலாமே" என்று சாதாரணமாகத்தான் பதில் வந்தது.

பாலக்காடு சொல்லிக் கொடுத்த பாடம்

முதலில் தேர்ந்தெடுத்தது பாலக்காடு. கோவையில் இருந்து 50 கிலோமீட்டர் சொச்சம். போத்தனூர், எட்டிமடை, வாளையார், கஞ்சிக்கோடு என்று போகும் பாதை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் விட்ட இடைவெளியில், ஒரு சுரங்கம்கூட இல்லாமல் ரயில் அந்தப் பக்கம் போய்விடுகிறது. 1862-ல் சென்னையையும் மேற்குக் கடற்கரையில் இருக்கும் பேப்பூரையும் ரயில் பாதை இணைத்தது இந்தக் கணவாய் வழியாகத்தான். அப்போது கோவைக்காரர்களுக்கு ஸ்டேஷன் என்றால் போத்தனூர். கோவை வழியாக மேட்டுப்பாளையத்துக்குப் பாதை வந்தது 1873-ல்.

மதுக்கரை தாண்டினால் காடு. தண்டவாளத்தைக் கடக்கும் யானைகள் ரயிலில் அடிபட்டுச் சாவது இந்தப் பாதையின் நெடுநாள் துயரம். யானை நடமாட்டத்தைக் கேமரா மூலம் கண்டு எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவு ஏற்பாட்டை, தமிழ்நாடு வனத்துறை 2024 பிப்ரவரியில் மதுக்கரையில் தொடங்கியது. காரில் இதே தூரம் எத்தனையோ முறை போன கணவர், ஜன்னலோரம் உட்கார்ந்து மகனுக்கு மலையைக் காட்டிக்கொண்டு வந்தார். "அப்பா, நீங்க இன்னைக்கு ஹாரனே அடிக்கல" என்றான் பையன்.

பாலக்காடு ஜங்ஷனுக்குப் பழைய பெயர் ஒலவக்கோடு. அங்கிருந்து பஸ்ஸில் ஊருக்குள் போய், 1766-ல் ஹைதர் அலி கட்டிய கோட்டையைப் பார்த்தார்கள். அகழியில் தண்ணீர், சுற்றிலும் நடைபாதை, கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட மர நிழல். பிறகு மலம்புழா. 1955-ல் முடிந்த அணை அது. அப்போது பாலக்காடு, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தோட்டத்தில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் செய்த பிரம்மாண்டமான யட்சி சிலை. அதைப் பார்த்துவிட்டு ரோப் கார் ஏற வேண்டும் என்று மகள் நின்றுவிட்டாள். வரிசை நீளம். சரி, பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று நின்றார்கள்.

ஸ்டேஷன் வந்து சேர்ந்தபோது அவர்கள் போக வேண்டிய ரயிலின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அடுத்து வந்த தொலைதூர ரயிலின் பொதுப் பெட்டியில் படிக்கட்டு வரை ஆள். மாமியாரையும் சின்னவனையும் வைத்துக்கொண்டு அதில் ஏற முடியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய், உக்கடம் பஸ் பிடித்து, அங்கிருந்து மறுபடி பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. தூங்கிப்போன மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார் கணவர். மறுநாள் எல்லாருக்கும் வேலை, பள்ளிக்கூடம். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. "நம்ம வண்டின்னா இந்நேரத்துக்கு வந்து படுத்திருக்கலாம்" என்ற நினைப்பு மட்டும் எல்லார் தலையிலும் ஓடியது.

மறுநாள் ராத்திரி அந்த நோட்டில் ஒரு புதுப் பக்கம் தொடங்கியது. மேலே ஒரே வரி: 'முதலில் திரும்பி வரும் ரயில்.'

கடைசியில் இருந்து முதலுக்கு

அந்த வரிக்குக் கீழே அவர் போட்ட கணக்கு, கார் இல்லாத எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

கோவையில் இருந்து சூலூருக்குக் குடும்பத்தோடு நிம்மதியாக ஏறக்கூடிய பஸ் எத்தனை மணி வரை கிடைக்கும்? அதை முதலில் எழுத வேண்டும். அதற்குள் கோவை வந்து சேரும் ரயில் எது? அது இரண்டாவது வரி. அதை நம்பக் கூடாது. அதற்கு முந்தைய ரயில்தான் நம்முடைய ரயில். பிந்தையது தவறினால் பிடிக்க. இரண்டும் போனால் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இருந்து எந்த பஸ்? இது மூன்றாவது வரி. சுற்றிப் பார்க்கும் இடத்தில் இருந்து ஸ்டேஷனுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டு, அதோடு அரைமணி கூட்டிக்கொள்ள வேண்டும். இத்தனையும் போக மிச்சம் இருக்கும் நேரத்தில் என்ன பார்க்கலாம் என்பதுதான் கடைசி வரி.

பெரும்பாலான வீடுகளில் திட்டம் தலைகீழாகத்தான் நடக்கும். எங்கே போகலாம், எத்தனை இடம் பார்க்கலாம், மதியம் எங்கே சாப்பிடலாம் என்று தொடங்கி, வீடு திரும்புவதை விதியிடம் விட்டுவிடுவோம். கையில் கார் இருந்தால் அது செல்லும். காருக்குக் கடைசி வண்டி என்று ஒன்று கிடையாது.

ஐரோப்பாவில் இந்தக் கவலை எப்படித் தீர்ந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். சுவிட்சர்லாந்து 1982-ல் நாடு முழுவதும் ஒரே சீரான கால அட்டவணையைக் கொண்டுவந்தது. ஒரு ஊரில் இருந்து 8.05-க்கு ரயில் என்றால், அடுத்தது 9.05, அடுத்தது 10.05. மணிதோறும் அதே நிமிடத்தில் ரயில் வரும். கிளை ரயிலும் மலைப் பேருந்தும் அதை ஒட்டியே கிளம்பும். அங்கே ஒரு ரயிலைத் தவறவிட்டால் இழப்பு ஒரு மணி நேரம். நம் ஊரில் அதே தவறுக்கு விலை அரை ராத்திரி. காரில்லாமல் ஊர் சுற்ற அந்த ஊர்க்காரர்களுக்குத் தனித் திறமை எதுவும் தேவையில்லை. தாமதமாகப் போவதற்கான வசதியை அட்டவணையே அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறது. நமக்கு அட்டவணை கொடுக்காததை ஒரு நோட்டும் பேனாவும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நோட்டில் ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்புகளும் உண்டு. கிழமைகள் கட்டத்தைப் பார்: சில பாசஞ்சர் ரயில்கள் வாரத்தில் எல்லா நாளும் ஓடாது. உட்கார இடம் வேண்டுமானால் ரயில் கிளம்பும் இடத்திலேயே ஏறு. முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்காதே, 2025-ல் வந்த ரயில்ஒன் செயலியிலேயே எடு. டிக்கெட் எடுத்ததும் சாவகாசமாக டீ குடிக்காதே, அந்த டிக்கெட்டுக்கு நேரக் கெடு உண்டு. ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். அதற்கு மேல் பன்னிரண்டு நிரம்பும் வரை பொதுப் பெட்டியில் அரை டிக்கெட். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயருக்குப் பக்கத்திலும் மூன்று விஷயம்: குடிதண்ணீர், கழிப்பறை, பிளாட்பாரம் மாற எத்தனை படி.

படி என்ற அந்த மூன்றாவது விஷயம் மாமியாருக்காகச் சேர்ந்தது.

அத்தை பார்க்காத ஆறு

கோவை ஜங்ஷனில் லிஃப்ட் இருக்கிறது, நகரும் படிக்கட்டு இருக்கிறது. சின்ன ஸ்டேஷன்களில் மேம்பாலப் படிதான் வழி. 66 வயதில் ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் பேரனையும் பிடித்துக்கொண்டு ஏறுவதென்றால், நாற்பது படி நாற்பது மலை. பாலக்காட்டு அலைச்சலுக்குப் பிறகு, "நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க கண்ணு, நான் வூட்டப் பாத்துக்கறேன்" என்று மாமியார் ஒதுங்கிக்கொண்டார்.

"உங்களுக்கு எங்க போகணும்னு சொல்லுங்க அத்தை. அங்க போலாம்" என்றார் மருமகள். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது: "கொடுமுடி."

கொங்கு நாட்டின் தேவாரத் தலங்கள் ஏழில் ஒன்று கொடுமுடி. மகுடேசுவரர், வீரநாராயணப் பெருமாள், வன்னி மரத்தடியில் பிரம்மா என்று மூன்று பேரையும் ஒரே வளாகத்தில் கும்பிடலாம். 'அவ்வையார்' படத்தில் ஔவையாகவே வாழ்ந்த கே.பி.சுந்தராம்பாள் 1908-ல் பிறந்த ஊரும் அதுதான். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை மாமியாருடையது. அதனால் கேட்கிறார் என்றுதான் மருமகள் நினைத்தார்.

கோவையில் இருந்து காலையில் கிளம்பி ஈரோடு, கரூர், மதுரை வழியாக நாகர்கோவில் போகும் பகல் நேர ரயில் அந்தப் பாதையில்தான் போகிறது. கிளம்பும் இடத்திலேயே ஏறியதால் ஐந்து பேருக்கும் உட்கார இடம். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பிறகு திரும்ப வரவில்லை. அதற்கு முன்பு பெண்களுக்கு 58 வயதிலேயே பாதிக் கட்டணம். "முழு டிக்கெட்டா? நானென்ன சம்பாதிக்கறனா?" என்று மாமியார் ஈரோடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

கொடுமுடியில் ஸ்டேஷனில் இருந்து கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். ஆடிப் பதினெட்டு அன்றைக்கு நிற்க இடம் இருக்காது. அவர்கள் போனது ஒரு சாதாரண ஞாயிறு. கும்பிட்டு முடித்துக் காவிரிப் படித்துறையில் போய் உட்கார்ந்தார்கள். மாமியார் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "முன்ன வந்தது உம்பட மாமனாரு அஸ்தி கரைக்க. வேன்ல கூட்டியாந்தாங்க, உடனே கூட்டிப் போயிட்டாங்க. அன்னைக்கு நான் ஆத்தைப் பாக்கவே இல்லை" என்றார்.

அன்றைய திட்டத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் இன்னும் இரண்டு இருந்தன. மருமகள் நோட்டை எடுத்து இரண்டையும் அடித்தார். மாலை ரயில் நேரம் தெளிவாக எழுதியிருந்ததால், அதுவரைக்கும் யாரும் யாரையும் 'கிளம்பு, கிளம்பு' என்று அவசரப்படுத்த வேண்டியிருக்கவில்லை. மணி தெரிந்தால் அதுவரை உட்காரலாம். திரும்பி வரும் ரயிலை முதலில் எழுதுவதன் பலன் அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது.

ரெண்டு மாசத்துக்கு முன்னால போட்ட டிக்கெட்

கடைசியாக ஊட்டி. மகன் கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டுமே!

மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயில் 46 கிலோமீட்டர் ஓடுகிறது. ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் ஆகும். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் பாதை போடப்பட்டது. செங்குத்தான பகுதியில் 12 அடிக்கு ஓர் அடி உயரம். சக்கரம் வழுக்காமல் இருக்க, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை. அதைக் கவ்விக்கொண்டு ஏறும் பல்சக்கரம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை அது. பழைய நீராவி எஞ்சின்களும் அந்த நாட்டின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. பின்னாளில் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையே புது எஞ்சின்களைச் செய்து கொடுத்தது. ஆஸ்திரியாவின் செம்மரிங் மலைப் பாதை 1998-லும், டார்ஜிலிங் 1999-லும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. நீலகிரி சேர்ந்தது 2005-ல். வியன்னாவாசிகள் காலையில் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் செம்மரிங் வரிசையில், நம் வீட்டுக் கொல்லையிலும் ஒன்று இருக்கிறது.

ஆனால் டிக்கெட் கிடைக்க வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரில் குறைத்தார்கள். திறந்த காலையிலேயே உட்கார்ந்து, நான்கு டிக்கெட் எடுத்துவிட்டார். "குளிரு எனக்கு ஒத்துக்காது" என்று மாமியார் இந்தத் தடவை நிஜமாகவே விலகிக்கொண்டார்.

நோட்டில் கடைசியில் இருந்து கணக்குப் போட்டபோது ஒரு சிக்கல் தெரிந்தது. மலை ரயில் ஊட்டி சேர்வது மதியம் 12 மணி வாக்கில். அதே ரயில் 2 மணிக்குத் திரும்பக் கிளம்பிவிடும். ஐந்து மணி நேரம் ஏறி, இரண்டு மணி நேரம் பார்ப்பதா? அதனால் ஏறுவது ரயிலில், இறங்குவது அரசு பஸ்ஸில் என்று முடிவு. சூலூரில் இருந்து காலை 7 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் எப்படி நிற்பது? சென்னையில் இருந்து இரவெல்லாம் ஓடிவரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலை 5 மணி வாக்கில் கோவையைத் தொடும். அதைப் பிடித்தால் மலை ரயிலுக்கு நேரத்தில் போய்விடலாம். அதற்கு நாலு மணிக்கு முன்பே திருச்சி ரோட்டில் நிற்க வேண்டும்.

எல்லாம் தயார். முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், கணவரின் போன் அடித்தது. முதலாளி. சென்னையில் இருந்து சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள்.

"நாளைக்கு ஊட்டி போறோம். இ-பாஸ் எடுத்தாச்சு. அஞ்சு மணிக்கு வண்டிய எடுத்துரு."

பதினொரு வருடமாக இந்த போனுக்கு ஒரே பதில்தான்: "சரிங்க." மனைவி அடுப்படியில் இருந்து பார்த்தார். மகள் புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் பக்கமும் புரளவில்லை.

"நாளைக்கு ரயில்ல டிக்கெட் போட்டிருக்குதுங்க" என்றார் கணவர். "ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே போட்டதுங்க. வூட்ல எல்லாரும் போறமுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "எங்க போறீங்க?"

"ஊட்டிக்குங்க."

முதலாளி சிரித்துவிட்டார். "சரி, சரி. போயிட்டு வா. ஆக்டிங் டிரைவர் யாரையாவது சொல்லி வுடு."

அவ்வளவுதான். சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. 'நாளைக்குக் குடும்பத்தோடு இருக்கலாம்னு இருக்கேங்க' என்று அவரால் சொல்லியிருக்கவே முடியாது. அது காரணமாகவே எடுபடாது. தேதி போட்ட டிக்கெட் எடுபட்டது. சொந்தக் கார் வாசலில் நின்றிருந்தால், 'நீங்க அடுத்த வாரம் போய்க்கலாமே' என்று சொல்லியிருப்பார்கள். இவரும் 'அதுவும் சரிதானுங்க' என்றிருப்பார். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற பயணம்தான் எப்போதும் தள்ளிப்போகிற பயணம்.

நிழல் விழும் இடம்

கல்லாறில் தொடங்கிய ஏற்றத்தில் மகன் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் கத்தினான். மொத்தம் பதினாறு. குன்னூருக்கு மேலே வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்தி பள்ளத்தாக்கு திறந்தபோது கணவர் எழுந்து நின்றுகொண்டார். "ரோட்டுல வர்றப்ப எதிர்ல வர்ற பஸ்ஸத்தான் பாத்துட்டு வருவேன் புள்ள" என்றார்.

கேட்டில் டிக்கெட் வாங்கிப் பூங்காவுக்குள் போனார்கள். 1848-ல் தொடங்கிய பூங்கா அது. புல்வெளி, கண்ணாடி வீடு, பழைய மரங்கள் என எல்லாம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஓர் இடத்தைக் காட்டினார் கணவர். "இங்கதான் வண்டிய நிறுத்துவேன். ரெண்டு மணிக்கு மேல இந்தப் பக்கம் நிழல் வந்துரும்." மகள் அவரை அங்கேயே நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தாள். முதலாளி வண்டி எங்கேயாவது நிற்கிறதா என்று அவர் கண் தேடியதையும் கவனித்தாள்.

ஊட்டிக்குக் காரில் போக இப்போது இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-ல் தொடங்கிய முறை. 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பும் வந்தது. அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இந்த பாஸ் தேவையில்லை. மலை தாங்குகிற எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு வந்த பிறகு, கார் இல்லாதவர்கள் பக்கம் முதல்முறையாக ஒரு வசதி சாய்ந்திருக்கிறது.

மலை ரயிலில் முன்பதிவு கிடைக்காதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. குன்னூர் வரை பஸ்ஸில் போய், குன்னூர் – ஊட்டி இடையே தினமும் சில முறை ஓடும் ரயிலில் ஏறலாம். அதில் முன்பதிவில்லாத டிக்கெட்டும் கொடுப்பார்கள். கேத்தி பள்ளத்தாக்கு அந்தப் பகுதியில்தான் வருகிறது.

கார் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை

இந்த வீட்டில் காரை யாரும் பழிப்பதில்லை. ஒரு நடுராத்திரி மாமியாருக்கு நெஞ்சு படபடத்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பக்கத்து வீட்டுக்காரரின் கார்தான். நல்லவேளையாக வாயுத் தொல்லையோடு போயிற்று. அந்த மாதிரி நேரத்துக்கு ரயில் அட்டவணை உதவாது.

ரயில் பயணமும் எப்போதும் சுகமாக இருப்பதில்லை. கொரோனா காலத்தில் பல சின்ன ஸ்டேஷன்களின் நிறுத்தங்கள் போயின. சில திரும்பி வந்தன, சில வரவே இல்லை. பாசஞ்சர் ரயில்களில் 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ஆகி, 2024 பிப்ரவரியில்தான் மறுபடி 10-க்கு இறங்கியது. ஐந்து முழு டிக்கெட் எடுக்கும் வீட்டுக்கு அந்த 20 ரூபாய் வித்தியாசம், போக வர 200 ரூபாய். ஒரு ஞாயிறு வீட்டிலேயே இருப்பதா, வெளியே போவதா என்பதை முடிவு செய்யும் தொகை அது.

சீட்டு ஏலம் எடுத்தார்கள். பணம் மகளின் பெயரில் வங்கியில் இருக்கிறது, பிளஸ் ஒன் சேர்க்கைக்காக. கல்யாண வீட்டில் பெரியம்மா மறுபடி கேட்டபோது, "எடுக்கலாங்க பெரியம்மா, மெதுவா" என்று மருமகள் சிரித்துவிட்டு நகர்ந்தார். முன்பு அந்தக் கேள்விக்குத் தலை குனிந்துபோகும். இப்போது பெரியம்மாவே பின்னால் வந்து, "அந்தக் கொடுமுடி ரயிலு எத்தன மணிக்குக் கண்ணு?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்.

நோட்டு இப்போது மகள் கையில். கோவையில் இருந்து காலையில் மயிலாடுதுறை போகும் ஜன் சதாப்தி, செவ்வாய் தவிர மற்ற நாள்களில் ஓடுகிறது என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். திருச்சியில் இறங்கினால் ஸ்ரீரங்கம் பார்த்துவிட்டு, மாலை அதே ரயில் திரும்பும்போது ஏறி, இரவு 9 மணி வாக்கில் கோவை வந்துவிடலாம். அதற்குப் பிறகும் சூலூருக்கு பஸ் உண்டு என்று அப்பாவிடம் உறுதி செய்துகொண்டாள். உட்கார்ந்து போக முன்பதிவு செய்துகொள்ளலாம். திருச்சி ஜங்ஷனில் லிஃப்ட் எந்தப் பக்கம் என்று விசாரித்து ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.

ஸ்ரீரங்கத்தில் என்னென்ன பார்ப்பது என்ற வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. "அதை ஆத்தாகிட்ட கேட்டு எழுதணும்" என்கிறாள். திரும்பி வரும் ரயில் மட்டும் சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு, பக்கத்தின் உச்சியில் இருக்கிறது.